இடது கால் சப்பாத்து

1

ஞாயிற்றுக்கிழமைகளில் சப்பாத்துக் கழுவுவது எங்கள் வீட்டில் என் வேலை. இந்த லெஸ்டர் நகரத்துச் சேறு லேசில் போகாது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். சித்திரை மாதத்தில் ஒரு நாள் அப்படித்தான் மகள் கயலின் சப்பாத்தைக் கவிழ்த்துப் பிடித்தேன். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வலது கால் அடி புத்தம் புதிதாக இருந்தது. இடது கால் அடியின் நடுவில் மட்டும், விரலை வைத்தால் அமிழும் அளவுக்குக் கறுத்த பள்ளம்.

வேறு ஒரு தாயாக இருந்தால் சப்பாத்து விற்ற கடையைத் திட்டியிருப்பாள். நான் குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகைக் கொட்டகைக்கு ஓடினேன். கயலின் குட்டைச் சக்கர பி.எம்.எக்ஸ். சைக்கிள் அங்கே சுவரில் சாய்ந்து நின்றது. குனிந்து பார்த்தேன். கைப்பிடியில் பிரேக் பிடி இல்லை. முன் சக்கரத்திலும் பிரேக் இல்லை, பின் சக்கரத்திலும் இல்லை. ஒரு வயர்கூட இல்லை.

யாரோ பாவித்த பழைய சைக்கிளாக அதை வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான். பிரேக் எப்போதோ உடைந்திருக்கும், செலவைச் சொன்னால் அம்மா முணுமுணுப்பாள் என்று பிள்ளை மறைத்திருக்கிறாள், சப்பாத்தைத் தேய்த்தே நிறுத்திக்கொண்டு திரிகிறாள் என்று நினைத்தேன். பதினாறு வயதுப் பிள்ளை இவ்வளவு தூரத்துக்கு எங்கள் நிலைமையைப் பார்த்து நடக்கிறாளே என்று சைக்கிள் சீட்டைத் தடவிக்கொடுத்தேன். என் கணவர் இங்கே பஸ் ஓட்டுகிறார். இலங்கை மலைநாட்டு உடப்புசல்லாவைக்காரர், எதற்கும் அவசரப்பட மாட்டார். அவளிடமே கேட்டுவிடேன் என்றார். கேட்டால் பிள்ளை கூச்சப்படுவாள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, கேட்காமல் விட்டேன்.

2

இடது காலைப் பார்த்ததும் எனக்கு ஏன் சைக்கிள் ஞாபகம் வந்தது என்பதை ஊரில் என் வயதுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி, ரயில் ரோட்டைக் கடந்து, படிக்கட்டில் ஏறினால் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு, அங்கே ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய வீடுகள்தான் எங்கள் லயம். அந்தப் படிக்கட்டில் முதன்முதலாக ஒரு பி.எம்.எக்ஸ். ஏறியது என் அண்ணன் செல்வராசின் தோளில்தான். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நான்கு வருடம் நின்றவர், வேலையை விட்டுவிட்டு ஒரு தீபாவளிக்கு வந்து சேர்ந்தார். கையில் பெட்டி இல்லை, தோளில் மஞ்சள் சைக்கிள். குறுக்குக் கம்பிக்குப் பஞ்சு வைத்த உறை, முன்னால் பந்தய வண்டி மாதிரி நம்பர் தகடு, பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்க இரும்புக் குழாய். நான்கு வருட உழைப்பு இதுதானா என்று அம்மா ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. லயத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் முழுக்க எங்கள் வாசலை விட்டுப் போகவில்லை.

எங்கள் மலையில் சைக்கிளுக்கு ஒரே திசைதான். மேலே போகும்போது நாம் அதைச் சுமக்க வேண்டும். கீழே வரும்போதுதான் அது நம்மைச் சுமக்கும். மேற்கணக்கிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் நாலு வளைவு, ஒரே இறக்கம். அந்த இறக்கத்தில் பிரேக் ரப்பர் ஒரு மாதம் தாங்காது. புதிது வாங்க ஹட்டனுக்குப் போக வேண்டும், யார் போவது? ஆகவே ரப்பர் செருப்புதான் பிரேக். இடது காலைப் பின்னால் கொண்டுபோய், சீட்டுக்குக் கீழே டயரில் வைத்து அழுத்தினால், கருகிய வாடையோடு சைக்கிள் நிற்கும். வலது பக்கம் சங்கிலி ஓடுவதால் அந்தக் காலைக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் லயத்தில் யார் யார் சைக்கிள் விட்டார்கள் என்பதை இடது செருப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். தேயாமல் மிஞ்சிய வலது செருப்புகளை வட்டமாக வெட்டி, சின்னப் பிள்ளைகள் தகர வண்டிக்குச் சக்கரம் போட்டார்கள்.

விழுவதற்கும் ஒரு முறை இருந்தது. ரோட்டின் ஒரு பக்கம் கொழுந்து நிறைந்த மலை, மறுபக்கம் அந்த வருடம் கவ்வாத்து வெட்டிய மலை. கவ்வாத்து வெட்டிய செடியில் குச்சிகள் கூர்கூராக நிற்கும், விழுந்தால் கிழித்துவிடும். "விழுறதா இருந்தா கொழுந்துப் பக்கமாப் பாத்து விழுங்கடா" என்பதுதான் அண்ணன் தன் சேக்காளிகளுக்குச் சொன்ன ஒரே பாடம். எந்த மலைக்கு எந்த வருடம் கவ்வாத்து என்பது கணக்கப்பிள்ளைக்கு அடுத்தபடியாக இந்தப் பையன்களுக்குத்தான் தெரியும்.

3

இந்த நகரத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பி.எம்.எக்ஸ். பயிற்சி அணி இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவைதான் ஆள் எடுப்பார்கள். ஆறு மாதமாகக் கயல் அதற்காகத்தான் பழகிக்கொண்டிருந்தாள். மழையிலும் சரிவும் மேடும் கட்டிய சைக்கிள் பார்க்குக்குப் போவாள், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வருவாள், மறுநாளும் போவாள். அதற்கான விண்ணப்பப் பாரத்தை நான்தான் நிரப்பினேன். இந்த நாட்டில் பாரங்களுக்குக் குறைவில்லை. பிள்ளைக்கு என்ன ஒவ்வாமை, யாருக்கு அறிவிக்க வேண்டும், படம் எடுக்கலாமா என்று நாலு பக்கம். பெற்றோருக்கு இந்த விளையாட்டில் முன் அனுபவம் உண்டா என்றும் ஒரு கேள்வி. இல்லை என்ற கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

சனிக்கிழமை ஆள் எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை, அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். நல்ல பிரேக்காக முன்னுக்கும் பின்னுக்கும் போடுங்கள் என்றேன். மகளுக்குத் தெரியுமா என்று கடைக்காரர் கேட்டார். தெரியாது, ஆச்சரியப்படுத்தப் போகிறேன் என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நாளைக் காலை கடை திறந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். இங்குள்ளவர்கள் ஒரு கேள்விக்கு மேல் கேட்க மாட்டார்கள். என் கெட்ட காலம் அது. அன்று மாலை நல்ல மழை, கயலும் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

பாரத்தில் காலை ஒன்பது மணி என்றுதான் போட்டிருந்தது. நான் வாசித்துத்தான் கையெழுத்து வைத்தேன். ஆனால் நான் வளர்ந்த இடத்தில் விளையாட்டுப் போட்டி ஒன்பது மணிக்கு என்றால், தோட்டத்துத் துரை வந்து, மாலை போட்டு, விளக்கேற்றி, நாலு பேர் பேசி முடித்து, முதல் ஓட்டம் ஓடப் பதினொரு மணியாகும். இருபது வருடமாக இங்கே இருந்தும் அந்தக் கணக்கு என் தலையை விட்டுப் போகவில்லை. எட்டரை மணிக்குக் கயல் கொட்டகையைத் திறந்துவிட்டு, சைக்கிள் களவு போய்விட்டது என்று வெளுத்த முகத்தோடு வந்து நின்றாள். நான் சிரித்துக்கொண்டே, பதறாதே, வா என்று கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நேரமாகிறது என்று அவள் சொல்லச் சொல்ல, பிந்தித்தான் தொடங்குவார்கள் என்றேன். கடை ஒன்பதரைக்குத்தான் திறந்தது.

சைக்கிளைக் கண்டதும் அவள் பிரேக் பிடியை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள். வாங்கி உருட்டிக்கொண்டு நடந்தாள். நாங்கள் மைதானத்துக்குப் போனபோது பத்தேகால். பெயர் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். பொறுப்பாக இருந்த பெண் பக்குவமாகத்தான் பேசினார். நேரம் தாண்டிவிட்டது, எல்லோருக்கும் ஒரே விதிதான், அடுத்த வருடம் கட்டாயம் வாருங்கள் என்றார்.

திரும்பி வரும்போது கயல் ஓரிடத்தில் நின்று, முன் சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினாள். பாதிச் சுற்றில் வயர் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்தரத்தில் எழும்பும்போது கைப்பிடியை ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டுப் பிடிக்கும் வித்தையைத்தான் அவள் ஆறு மாதமாகப் பழகியிருக்கிறாள். அதற்கு வயர் இருக்கக் கூடாது. அவளோடு பழகும் பிள்ளைகள் பலரும் வேண்டுமென்றே பிரேக்கைக் கழற்றிவிட்டு, நிறுத்துவதற்குக் காலை வைத்துக்கொள்கிறார்களாம். எங்களுக்கு வசதியில்லாத குறையாக இருந்தது இவர்களுக்குக் கலையாகியிருக்கிறது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றாள். அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை.

அந்தப் பிரேக்கை அவள் கழற்றியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கழற்றவில்லை. சைக்கிளை அப்படியே கொட்டகையில் வைத்தாள், பிறகு தொடவே இல்லை. சாப்பிட்டாயா என்றால் ஆங்கிலத்தில் ஒரு சொல், எங்கே போகிறாய் என்றால் இன்னொரு சொல். பிள்ளைகள் மெல்ல மெல்ல விலகிப் போவதைப் பற்றி இங்குள்ள நம் பெண்கள் பேசும்போது, என் மகள் அப்படியில்லை என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொள்வேன். என் மகளை நானே பிடித்துத் தள்ளிவிட்டேன். அவள் மறுபடியும் அந்தச் சைக்கிளில் ஏறுவாளா என்பதுதான் அந்த மாதங்களில் எனக்கிருந்த ஒரே கவலை.

4

ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினோம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் கயலும்தான். அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு விசா எடுக்க வேண்டியிருந்தது. நான் பிறந்த லயத்துக்கு என் மகள் சுற்றுலாப் பயணி. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றிப்பார்த்தல், வியாபாரம், மாநாடு என்று பட்டியல் இருந்தது. அம்மாவோடு பேச்சு வார்த்தை இல்லாமல் மாமா வீட்டுக்குப் போதல் என்று எதுவும் இல்லை. சுற்றிப்பார்த்தல் என்று கொடுத்தேன்.

அண்ணன் இப்போது லயத்தில் இல்லை. மேற்கணக்கு ரோட்டோரத்தில் சின்னதாகத் தனி வீடு கட்டி, ஆட்டோ ஓட்டுகிறார். அந்த இறக்கத்துக்குக் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். வாசலில் ஒரு நீலச் சைக்கிள் நின்றது. நீலத்துக்கு அடியில் உரிந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தது. பெட்ரோலுக்கு வரிசையில் காத்துக் கிடந்த மாதங்களில் ஆட்டோ அசையாமல் நின்றுவிட, கூரைக்கடியில் கிடந்த பழைய பி.எம்.எக்ஸை அண்ணன் இறக்கி, சக்கரம் மாற்றி, பிரேக் பூட்டி எடுத்திருக்கிறார். இப்போது அது அவருடைய மகள் தர்ஷினிக்கு. பதினாலு வயது. தினமும் காலையில் வெள்ளைச் சீருடையோடு அதில் மெயின் ரோட்டுக்கு இறங்கி, கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறுகிறாள். பொம்பளைப் பிள்ளைக்கு என்ன சைக்கிள் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லையாம். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிடும்போது கயல் மெதுவாக வாய் திறந்தாள். "மாமா, இந்தச் சைக்கிள் நீ வாங்குனதா?" என்று கேட்டாள். சோறு போட்டுக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. நீங்க என்று சொல்லடி என்று நான் கண்ணைக் காட்டினேன். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "வாங்குனது நாந்தான் கண்ணு. ஓட்டுனது ஊரே" என்றார். அந்தச் சிரிப்பில் கயலும் இளகிவிட்டாள்.

பிறகு அவளும் தர்ஷினியும் கதவருகில் உட்கார்ந்து போனில் படம் பார்த்தார்கள். கயல் பார்க்கில் ஓட்டிய பழைய படங்கள். எகிறுகிறாள், சுற்றுகிறாள், பின் சக்கரத்துக் குழாயை இரும்புக் கம்பியில் வைத்துச் சறுக்குகிறாள். அதே மாதிரிக் குழாயில்தான் ஒரு காலத்தில் நான் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தர்ஷினி கண் இமைக்காமல் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, ஒங்க சைக்கிள்ல பிரேக்கே இல்லையே. வாங்க வசதியில்லையா?"

கேலி இல்லை. நிஜமாகவே பாவப்பட்டுக் கேட்டாள். கயல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நீங்களும் இப்பிடித்தான் நெனச்சீங்களாம்மா?"

ஆமாம் என்றேன். இடது கால் சப்பாத்தைப் பார்த்ததையும், செலவுக்குப் பயந்து மறைக்கிறாள் என்று நான் நினைத்ததையும் சொன்னேன். ஒரு சப்பாத்தைப் பார்த்து இவ்வளவும் எப்படித் தெரிந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஒங்கம்மாவுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்றார் அண்ணன். "இந்த ரோட்டுல என்னா செஞ்சான்னு கேளு."

5

வெட்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. இந்தக் கதையை நான் கயலிடம் சொன்னதே இல்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அண்ணன் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் போனதும் லயம் காலியாகிவிடும். பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள், சைக்கிளைத் துடைக்கிற சாக்கில் வெளியே எடுத்தேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். முதல் மூன்று வளைவும் செருப்பை அழுத்தி அழுத்தி நன்றாகவே வந்தேன். காற்று காதில் இரைந்தது. அவ்வளவு சந்தோஷம் அதுவரை எனக்குத் தெரியாது. நாலாவது வளைவில் இடது செருப்பின் வார் அறுந்தது. பத்து மணி நிறுவைக்காக மடுவத்துக்கு முன்னால் வரிசையில் நின்ற அத்தனை பெண்களையும் தாண்டிப் போய்க் கொழுந்துச் செடிக்குள் விழுந்தேன். கவ்வாத்துப் பக்கம் விழாதது அண்ணன் பாடத்தின் புண்ணியம்.

வரிசையில் அம்மாவும் நின்றார். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து என்னைத் தூக்கினார். அறுந்த செருப்பை எடுத்து, அடியில் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். அடிக்கவில்லை. தன் இடது கால் செருப்பைக் கழற்றி எனக்குக் கொடுத்து, வீட்டுக்குப் போ என்றார். அன்று முழுக்க ஒற்றைச் செருப்போடு கொழுந்தெடுத்திருக்கிறார். மாலையில் வந்து சைக்கிள் பூட்டின் சாவியை மடியில் முடிந்துகொண்டார், அண்ணனைத் தவிர யாருக்கும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் சைக்கிளில் ஏறியதில்லை. ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. அந்தச் செருப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வரும்.

கயல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனைக் கீழே வைத்தாள்.

"ஒங்களுக்கு ஓட்டப் புடிச்சிச்சான்னு அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்ப நீங்களாவது கேட்டிருக்கணும்மா."

"கேட்டிருக்கணும்" என்றேன். வேறு எந்த நியாயமும் சொல்லத் தோன்றவில்லை. அவள் நகர்ந்து வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

6

மறுநாள் காலை பனி விலகியதும் கயல் நீலச் சைக்கிளை ரோட்டில் இறக்கினாள். எந்தப் பக்கம் கவ்வாத்து என்று அண்ணன் காட்டிக் கொடுத்தார். இந்த வருடம் கீழ்ப்பக்கம். அவள் கிளம்பினாள், நாங்கள் மூவரும் பின்னால் நடந்தோம். இரண்டு கைக்கும் இரண்டு பிரேக் இருந்தும், ஒவ்வொரு வளைவிலும் அவளுடைய இடது கால்தான் டயருக்குப் போனது. அதைப் பார்த்து அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

மூன்றாவது வளைவில் அவள் நின்று எங்களுக்காகக் காத்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்ததும் இறங்கி, கைப்பிடியை என் பக்கம் சாய்த்தாள்.

"மிச்சத்த நீங்க போங்க."

எனக்கு நாற்பத்தெட்டு வயது, இடுப்பு வலி, காலில் ரப்பர் செருப்பு. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் குனிந்து தன் இடது சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"செருப்பு வேணாம், அறுந்துரும். இதப் போட்டுக்கங்க."

சப்பாத்து இன்னும் சூடாக இருந்தது. கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் இடம் கிடந்தது. கயிற்றை அவளே இறுக்கிக் கட்டினாள். சுடிதார் காலை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினேன். முதலில் கைப்பிடி ஆட்டம் கண்டது, பிறகு சைக்கிள் தானாக இறங்கியது. அதே காற்று, அதே இரைச்சல். நாலாவது வளைவில் இடது காலைப் பின்னால் கொண்டுபோய் அழுத்தினேன். ரப்பர் கருகிய வாடை வந்தது. மடுவத்துக்கு நாலு அடி முன்னால் சைக்கிள் நின்றது.

நிறுவை வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் எங்கள் லயத்து மாரியாயி அக்கா. நான் விழுந்த அன்றும் அந்த வரிசையில் நின்றவர், இந்த வருடத்தோடு வேலையிலிருந்து ஓய்வாம். என்னை அடையாளம் கண்டுகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இந்தத் தடவையாச்சும் நின்னுச்சே" என்றார்.

சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் வெறும் காலுறையுமாகக் கயல் இறக்கத்தில் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

7

லெஸ்டருக்குத் திரும்பிய அன்றே கயல் கொட்டகையைத் திறந்து பிரேக்கைக் கழற்றினாள். கழற்றியதை எறியாமல், பக்கத்துத் தெருவில் யாரோ வேண்டாமென்று கொடுத்த ஒரு பழைய சைக்கிளில் பூட்டினாள். அது எனக்கு. சனிக்கிழமைகளில் அவளோடு நானும் பார்க்குக்குப் போகிறேன். பிள்ளைகள் விழுந்து பழக அங்கே பஞ்சுக் கட்டிகளை நிரப்பிய குழி ஒன்று இருக்கிறது. எங்கள் கொழுந்து மலைதான் அது, கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. நான் ஓரமாகச் சின்னச் சரிவில் இறங்கி ஏறுகிறேன். பிரேக் இருக்கிறது, ஆனாலும் கால் கேட்பதில்லை. தர்ஷினிக்கு நாங்கள் படம் அனுப்புகிறோம். அவள் தன் பிரேக்கைக் கழற்றட்டுமா என்று கேட்டிருந்தாள். அந்த இறக்கத்தில் கழற்றினால் காதைத் திருகுவேன் என்று கயல் பதில் போட்டாள். அதைப் படித்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

போன வாரம் பயிற்சி அணிக்கான பாரம் மறுபடியும் வந்தது. காலை ஒன்பது மணி என்றிருக்கிறது, எட்டு மணிக்கே போய் நிற்பதாக முடிவு. அதே நாலு பக்கம், அதே கேள்விகள். பெற்றோருக்கு முன் அனுபவம் உண்டா என்ற இடத்தில், ஆம் என்ற கட்டத்தில் சரி போட்டேன். ஆம் என்றால் எத்தனை வருடம் என்று அடுத்த கேள்வி கேட்டது. இந்தத் தடவை நானாக எதையும் தீர்மானிக்கவில்லை. கயலைக் கூப்பிட்டு, என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

அவள் வாசலுக்குப் போய் என் சப்பாத்தை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். இடது கால் அடியில் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது. அதில் விரலை வைத்துத் தடவிவிட்டு, என் கையிலிருந்து பேனாவை வாங்கி எழுதினாள். எட்டிப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம், நடுவில் கொஞ்சம் நிறுத்தியிருந்தார் என்று எழுதியிருந்தாள்.

அதற்குக் கீழே நான் கையெழுத்து வைத்தேன்.